கடன் வாங்கிய சூத்திரங்கள்

மண்வெட்டிக் காம்பு கழலத் தொடங்கினால், முதலில் அதைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் உப்பி இறுகிக்கொள்ளும். வெயிலில் இரண்டு நாள் வேலை செய்தால் மறுபடி ஆட்டம் காணும். அப்போது ஒரு சிராயையோ தகரத் துண்டையோ ஆப்பாக அடித்து இறக்குவார்கள். அந்தக் காம்பை யாரும் பிடித்து இழுத்ததில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னும் பின்னும் அசைந்து அசைந்தே அது கழன்றது.

2009ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பாவின் வட கடலில் தெரியவந்ததும் ஏறத்தாழ இதே கதைதான். காம்பின் இடத்தில் நான்கு மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள எஃகுக் குழாய் இருந்தது. அதன் தலையில் சில நூறு டன் எடையுள்ள காற்றாலை சுழன்றுகொண்டிருந்தது.

கடல் காற்றாலைகளில் பெரும்பாலானவை இன்றும் ஒரே ஒரு குழாயின்மேல்தான் நிற்கின்றன. தடித்த எஃகுத் தகட்டை உருட்டிப் பற்றவைத்துச் செய்த அந்தக் குழாயைக் கப்பலில் கொண்டுபோய், ராட்சதச் சுத்தியலால் கடலடி மண்ணுக்குள் அடித்து இறக்குகிறார்கள். மோனோபைல் என்பது தொழிலில் வழங்கும் பெயர். ஒற்றைத் தூண் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கிற அடியில் தூணின் தலை கொஞ்சம் சிதையலாம், தூண் இம்மியளவு சாயலாம். அதனால் கோபுரத்தை நேராக அதன்மேல் வைப்பதில்லை. சற்றே அகலமான இன்னொரு குழாயைத் தொப்பிபோல அதன்மேல் கவிழ்த்து, தூக்குக் குண்டு பார்ப்பதுபோலச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு குழாய்களுக்கும் நடுவில் உள்ள சில அங்குல இடைவெளியில் வலுவான சிமென்ட் கூழை ஏற்றுவார்கள். கட்டட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கிரௌட்டிங்தான், கடலுக்கான உயர்ரகம். படகு வந்து அணையும் ஏணி, நடைமேடை, மின்கம்பி ஏறும் குழாய் எல்லாம் இந்தத் தொப்பிக் குழாயில்தான் இருக்கும். அதன்மேல் கோபுரம், கோபுரத்தின்மேல் இயந்திர அறை, இறக்கைகள். அத்தனை எடையும் கிரௌட்டின் பிடிப்பை நம்பி நிற்கிறது.

நெதர்லாந்துக் கரையோரம் 2006இல் எழுந்த எக்மண்ட் ஆன் ஸீ பண்ணையில் 36 காற்றாலைகள். அங்கும் பிறகு வேறு பண்ணைகளிலும் உள்ளே இறங்கிப் பார்த்தவர்களின் கண்ணில் பட்டது ஒரு சிறிய விஷயம். தொப்பிக் குழாயின் உட்புறத்தில் தாங்கிகள் சில பற்றவைக்கப்பட்டிருக்கும். கிரௌட் இறுகும்வரை எடையைத் தாங்குவதற்காக வைத்த தற்காலிக ஏற்பாடு அது. இறுகிய பிறகு அவற்றுக்கு வேலை இல்லை; தூணின் விளிம்புக்கு மேலே சற்று இடைவெளி விட்டு நிற்க வேண்டியவை. அவை இப்போது விளிம்பில் உட்கார்ந்திருந்தன. தொப்பி கீழே நழுவியிருந்தது, சில சென்டிமீட்டர். கோபுரம் எதுவும் விழவில்லை. ஆனால் விழாமல் தாங்கிக்கொண்டிருந்தது கிரௌட் அல்ல, யாரும் கணக்கில் சேர்க்காத அந்தத் தற்காலிகத் தாங்கிகள்.

கிரௌட்டின் தரம் மோசமா, வேலையில் ஏமாற்றா என்றால், இல்லை. எல்லாம் விதிப்படி. விதியை எழுதியதும் இத்துறையில் பெரிய பெயரான நார்வே நாட்டுச் சான்றளிப்பு நிறுவனம் டி.என்.வி.தான். கோளாறு சூத்திரத்திலேயே இருந்தது. அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது.

எண்ணெய்த் துரப்பண மேடைகளின் கால்களைக் கடலடித் தூண்களோடு இணைக்க, குழாய்க்குள் குழாய் வைத்துக் கிரௌட் நிரப்பும் முறை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. அந்த இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் சிறிய குழாய்களை வைத்து அழுத்திப் பார்த்துச் சூத்திரம் ஆக்கியிருந்தார்கள். காற்றாலைக்காரர்கள் அதைக் கடன் வாங்கினார்கள். கடன் வாங்கும்போது இரண்டு விஷயங்கள் கூடவே வரவில்லை.

முதலாவது, எண்ணெய் மேடைக்கு நான்கு கால், எட்டுக் கால் உண்டு. புயல் ஒரு பக்கமிருந்து தள்ளினால் எதிர்ப்பக்கக் கால் அழுந்தும், இந்தப் பக்கக் கால் இழுபடும். ஒவ்வொரு காலும் தாங்குவது பெரும்பாலும் நேர் அழுத்தமும் நேர் இழுவையும்தான். ஒற்றைத் தூணுக்குப் பங்காளி கிடையாது. நூறு மீட்டர் உயரத்தில் காற்று தள்ளினால் முழு வளைவும் அந்த ஓர் இணைப்பின் வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் தொப்பி ஒரு பக்கம் தூணை அழுத்தும், மறுபக்கம் மயிரிழை வாய் திறக்கும். திரும்ப மூடும். மண்வெட்டிக் காம்பேதான்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. வழவழப்பான எஃகுக்கும் கிரௌட்டுக்கும் பசைபோன்ற ஒட்டல் பெரிதாக இல்லை. அசைவில் அது சீக்கிரம் விட்டுவிடும். பிறகு பிடித்து நிறுத்துவது உராய்வு. தகட்டின் மேற்பரப்பில் மேடுபள்ளங்கள் உண்டு. ஒரு குழாய் மற்றதன்மேல் வழுக்க முயலும்போது மேடு மேட்டின்மேல் ஏற வேண்டியிருக்கிறது. அதற்குக் குழாய் ஒரு துளி விரிந்துகொடுக்க வேண்டும். சிறிய குழாய் அவ்வளவு எளிதில் விரியாது; இறுக்கிப் பிடிக்கும். குழாயை ஒன்பது மடங்கு பெரிதாக்கினால் தகட்டின் கனத்தையும் ஒன்பது மடங்கு ஆக்கலாம், நீளத்தையும் ஆக்கலாம். ஆனால் மேற்பரப்பின் மேடு அதே அரை மில்லிமீட்டராகவே இருக்கும். அதை யாரும் பெருக்கவில்லை, பெருக்கவும் முடியாது. பெரிய வட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் விரிவது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் பிடிப்பு, விட்டம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகிறது. சின்னக் குழாயில் கண்ட எண்ணைப் பெரிய குழாய்க்கு அப்படியே போட்டதில் வந்த வினை இது.

2009இல் தொழில்துறை சேர்ந்து நடத்திய கூட்டாய்வு இதையெல்லாம் அலசியது. முடிவு மண்வெட்டிக்காரருக்குப் புதிதாக இருக்காது. இணைப்புப் பகுதியை நேர்க்குழாயாக இல்லாமல் மெல்லிய கூம்பாகச் செய்யச் சொன்னார்கள். நழுவினால் ஆப்புப்போல இன்னும் இறுகும். அல்லது உட்புறத்தில் வளையம் வளையமாகப் பற்றவைப்பு வரம்புகள் போட்டு, கிரௌட் அவற்றைப் பற்றிக்கொள்ளும்படி செய்யலாம். ஏற்கெனவே கடலில் நின்றவற்றுக்குள் ஆட்களை இறக்கி, ரப்பரும் எஃகும் அடுக்கிய தாங்கிகளைப் பொருத்தினார்கள். புதிய பண்ணைகள் பலவற்றில் கிரௌட்டையே கைவிட்டுப் போல்ட் போட்ட விளிம்பிணைப்புக்குப் போய்விட்டார்கள்.

இந்த நிகழ்ச்சி தொழில் வரலாற்றில் ஒரு பழைய தலைவலியாக மட்டும் பேசப்படுகிறது. என் பார்வையில் அது நம்பகத்தன்மை என்ற கணக்கின் அடிமடியிலேயே கைவைத்த நிகழ்ச்சி. அதைச் சொல்ல அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்தாக வேண்டும்.

ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். வீட்டிலிருந்து நிலையத்துக்குச் சராசரியாக 40 நிமிடம். ஆனால் அது ஒருநாள் 35 ஆகும், ஒருநாள் 55 ஆகும். ரயிலும் சில நாள் தாமதமாக வரும். சராசரியை மட்டும் பார்த்து 5.20க்குக் கிளம்புகிறவர் பாதி நாள் ரயிலை விடுவார். எவ்வளவு முன்னால் கிளம்ப வேண்டும் என்பது சராசரியால் தீர்மானமாவதில்லை, தாறுமாறு எவ்வளவு என்பதால் தீர்மானமாகிறது. கட்டுமானத்தில் ரயிலின் இடத்தில் சுமையும் பயணத்தின் இடத்தில் வலிமையும் இருக்கின்றன. இரண்டும் ஒரே எண் அல்ல, இரண்டும் குன்றுபோல் பரவிய எண்கள். குன்றுகளின் அடிவாரங்கள் ஒன்றையொன்று தொடும் இடம்தான் முறிவு. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறோம் என்பதை அவற்றின் தாறுமாறு அளவால் வகுத்துச் சொல்லும் எண்ணுக்கு நம்பகக் குறியீடு என்று பெயர். பீட்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள். 1974இல் ஹாசோஃபர், லிண்ட் என்ற இருவர் இந்தக் குறியீட்டுக்குத் தந்த வரையறையை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

காற்றாலைகளுக்கான சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதிநூல், 2019இல் வந்த நான்காம் பதிப்பில், இலக்கை வெளிப்படையாகவே வைத்தது: ஆண்டுக்கு 0.0005, அதாவது 2000 காற்றாலைகளில் ஆண்டுக்கு ஒன்று முறியலாம். பீட்டா கணக்கில் 3.3. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டால்ஸ்கார்ட் சோரன்சன் போன்றோரின் ஆய்வுகள் இதற்குப் பின்னணி. மக்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு இந்த அளவு போதாது. கடலில் ஆளில்லாமல் சுழலும் இயந்திரத்துக்கு, விழுந்தால் ஆகும் நட்டத்தையும் விழாமல் தடுக்க ஆகும் செலவையும் ஒப்பிட்டு வந்த எண் இது. இதில் தவறு காண எனக்கு ஒன்றும் இல்லை. முறிவே நேராது என்று சாதிப்பதைவிட, எவ்வளவு நேரலாம் என்று சொல்லிவிடுவது நேர்மையானது.

இங்கே பலர் இடறும் ஒரு கணக்கும் உண்டு. ‘50 ஆண்டு அலை’யைத் தாங்கும்படி வடிவமைத்தோம் என்பார்கள். 25 ஆண்டு ஆயுள் உள்ள காற்றாலை 50 ஆண்டு அலையைச் சந்திக்காது என்று கேட்பவருக்குத் தோன்றும். 50 ஆண்டு அலை என்றால் ஒவ்வோர் ஆண்டும் 50இல் ஒரு பங்கு வாய்ப்புள்ள அலை. வராமல் இருக்கும் வாய்ப்பு 0.98. அதை 25 முறை பெருக்கினால் 0.6. ஆக, ஆயுளுக்குள் அந்த அலை வந்து மோதும் வாய்ப்பு 40 விழுக்காடு. அதனால்தான் அதற்கு மேலும் சுமையை 1.35ஆல் பெருக்குகிறார்கள். வட கடலில் போர்க்கும் தீவுக்கு வடக்கே 2003இல் நிறுவிய ஃபினோ 1 ஆய்வு மேடை, கடல் மட்டத்துக்கு வெகு உயரத்தில் இருந்த தன் நடைபாதையை 2006 நவம்பர் 1 அன்று பிரிட்டா புயலில் அலைக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டே இன்னொரு புயல், மறுபடி சேதம். அரிதான அலை வரிசையில் நின்று வருவதில்லை.

இனி கிரௌட்டுக்கு வருவோம். 2000இல் ஒன்று என்ற எண், ஒவ்வொரு காற்றாலையும் தனித்தனியாக அதிர்ஷ்டத்தைச் சோதிக்கிறது என்ற எண்ணத்தைக் கேட்பவர் மனதில் விதைக்கிறது. ஒரு பற்றவைப்பில் குறை இருக்கலாம், ஓரிடத்தில் மண் மோசமாக இருக்கலாம். அவையெல்லாம் தனித்தனி. ஆனால் சூத்திரம் பொது. அது பிழையானால் ஒரு பண்ணையின் 36 தூண்களும், அதே சூத்திரத்தை நம்பிய அடுத்த நாட்டுப் பண்ணையும் ஒரே நாளில் பிழையாகின்றன. காப்பீட்டுக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்: தெருவில் ஒரு வீடு தீப்பிடிப்பது வேறு, ஆற்றங்கரைத் தெரு முழுவதும் வெள்ளத்தில் போவது வேறு. ஆய்வாளர்கள் இதற்கு ‘மாதிரியின் ஐயப்பாடு’ என்று ஒரு காரணியைக் கணக்கில் சேர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் காரணியின் அளவும், சூத்திரத்தைச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வருகிறது. சோதனை சின்னக் குழாயில் நடந்திருந்தால், ஐயப்பாடும் சின்னக் குழாயின் ஐயப்பாடுதான். தனக்குத் தெரியாததன் அளவைக் கணக்கு தானே சொல்லிவிடாது.

கடன் வாங்கிய சூத்திரம் எப்போதும் காலை வாரும் என்று சொல்ல வரவில்லை. எதிர்ப்பக்கமாகவும் பிழைக்கும். அதற்கும் இதே தூண்தான் சாட்சி.

மண்ணுக்குள் நிற்கும் தூணைப் பக்கவாட்டில் தள்ளினால் மண் எப்படி எதிர்க்கும்? தூணின் நீளம் நெடுக ஸ்பிரிங்குகள் வரிசையாக இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு ஆழத்திலும் ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்று ஒரு வளைகோடு வரைவது பழைய வழி. பி-ஒய் வளைகோடு என்று பெயர். களிமண்ணுக்கு மேட்லாக் 1970இல் தந்தது; அவர் சோதித்த தூணின் விட்டம் ஓர் அடிக்குச் சற்று மேல். மணலுக்கு ரீஸும் அவர் சகாக்களும் 1974இல் தந்தார்கள். டெக்சாஸின் மஸ்டாங் தீவில் அவர்கள் அடித்த தூண் இரண்டடி விட்டம், 21 மீட்டர் நீளம். எண்ணெய் மேடைகளுக்கு அந்தக் கோடுகள் நன்றாகவே உழைத்தன. அவையே காற்றாலைக்கும் வந்தன.

இரண்டடி விட்டத்தில் 21 மீட்டர் என்றால் முருங்கைக்காய் மாதிரி. தலையைத் தள்ளினால் மேல்பகுதி வளையும். அடி அசையாது, அடியில் என்ன மண் என்று அதற்குக் கவலையும் இல்லை. காற்றாலைத் தூண் முருங்கைக்காய் அல்ல, உரல். எட்டு மீட்டர் விட்டத்துக்கு முப்பது, நாற்பது மீட்டர்தான் மண்ணுக்குள். அது வளைவதைவிட முழுசாகச் சாய்கிறது. தலை முன்னே போனால் அடி பின்னே உதைக்கிறது. அப்போது மண் வேறு விதங்களிலும் எதிர்க்கிறது. அடிவட்டம் மண்ணின்மேல் தேய்ந்து நகர மறுக்கிறது. அகன்ற பக்கச்சுவரின் ஒரு பாதி மேலே எழவும் மறுபாதி கீழே இறங்கவும் முயல்வதால், சுவர் நெடுக உராய்வு சேர்ந்து சாய்வைத் தடுக்கிறது. மெல்லிய தூணில் இவை சொற்பம். பழைய கோடுகளில் அவற்றுக்கு இடமே இல்லை. விளைவு, மண்ணை உள்ளதைவிட இளகலாகக் கணித்து, தேவைக்கு மேல் எஃகைக் கொட்டினார்கள்.

இதைச் சந்தேகத்திலிருந்து சூத்திரமாக்கியது பீசா என்ற கூட்டுத் திட்டம். டோங் எனர்ஜி, அதாவது இன்றைய ஓர்ஸ்டெட், தலைமையில் 2013இல் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரி, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆகியவற்றின் பைரன் பர்ன், ஹார்வி பர்ட், லிடியா ஸ்ட்ராவ்கோவிச் போன்ற மண்ணியல் அறிஞர்கள் இதில் உழைத்தார்கள். இங்கிலாந்தின் கௌடனில் கெட்டிக் களிமண், பிரான்சின் டன்கிர்க்கில் இறுகிய மணல் என இரண்டு இடங்களைத் தேர்ந்து, 27 சென்டிமீட்டர், 76 சென்டிமீட்டர், 2 மீட்டர் என மூன்று விட்டங்களில் தூண்கள் அடித்து, தள்ளிப் பார்த்தார்கள். மூன்று விட்டங்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். ஓர் அளவில் பொருந்திய கணக்கு அடுத்த அளவிலும் பொருந்துகிறதா என்று சோதனையே கேள்வி கேட்கிறது. இரண்டு மீட்டரிலிருந்து எட்டு மீட்டருக்குத் தாவ இன்னும் கணினிக் கணக்கீடுதான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கீடு மூன்று படிகளில் தேர்வு எழுதியது. முடிவுகள் 2020இல் ஜியோடெக்னிக் ஆய்விதழில் தொகுப்பாக வந்தன.

எஃகு கொஞ்சம் கூடப் போனால் பாதுகாப்புதானே, அதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். பாலமாக இருந்தால் சரி. சுழலும் இயந்திரத்துக்கு விறைப்பு கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை.

அமெரிக்க தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலை, உலகெங்கும் ஆய்வு மாணவர்களின் உரைகல். அதன் இறக்கைகள் நிமிடத்துக்கு 6.9 முதல் 12.1 சுற்று சுழலும். அதாவது கோபுரத்தை வினாடிக்கு 0.115 முதல் 0.2 முறை ஆட்டிவிடும். மூன்று இறக்கைகளும் ஒவ்வொன்றாகக் கோபுரத்தைக் கடக்கும்போது ஒரு தட்டு, அது 0.345 முதல் 0.605 வரை. கோபுரமும் தூணும் மண்ணும் சேர்ந்த மொத்தக் கட்டமைப்புக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் சின்னப் பிள்ளைகூட உயர ஆட்டிவிடும். ஆகவே கட்டமைப்பின் தாளம் இந்த இரண்டு பட்டைகளிலும் விழக்கூடாது. 0.2க்கு மேல், 0.345க்குக் கீழ். சன்னல் அவ்வளவுதான். கீழ் ஓரத்தில் அலைகள் காத்திருக்கின்றன: ஐந்து வினாடிக்கு ஒன்றாக வரும் சாதாரண அலையின் அதிர்வெண் 0.2.

இந்தச் சன்னலுக்குள் போய் நிற்பதற்கு மண்ணின் விறைப்பு துல்லியமாகத் தெரிய வேண்டும். இளகல் என்று நினைத்த மண் விறைப்பாக இருந்தால் தாளம் மேலேறும். கட்டி முடித்த பண்ணைகளில் கருவி வைத்து அளந்தபோது பல இடங்களில் அதிர்வெண் கணக்கிட்டதைவிடக் கூடுதலாகவே இருந்தது. பழைய பி-ஒய் கோடுகள் மீது சந்தேகம் எழுந்ததற்கு இந்த அளவீடுகளும் காரணம். காற்றாலை பெரிதாகப் பெரிதாக இறக்கை மெதுவாகச் சுழல்கிறது, சன்னல் முழுவதுமே அலைகளின் பக்கம் இறங்குகிறது. கடல் அதிகம் கைகொடுக்காத திசை அது.

தாளம் தப்பினால் கோபுரம் அன்றே விழாது. எஃகு களைத்துப்போகும். 0.3 அதிர்வெண்ணில் 25 ஆண்டு ஆடினால் சுமார் 24 கோடி ஆட்டம். ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி ஒடிப்பதை எல்லோரும் செய்திருக்கிறோம். ஒரே வளைப்பில் ஒடியாத கம்பி இருபதாவதில் ஒடிகிறது. ரயில் அச்சுகள் ஏன் திடீரென முறிகின்றன என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் தொடங்கிய ஆராய்ச்சிதான் இன்றைக்கும் அடிப்படை. அதன்படி தகைவுக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவு மிகச் செங்குத்தானது. பற்றவைத்த எஃகில், கணக்கின் ஒரு பகுதியில், தகைவு இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். இன்னொரு பகுதியில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. மண்ணின் விறைப்பில் நேரும் சிறிய பிழை, ஆயுளில் பல ஆண்டுகளாக வெளிப்படுவது இதனால்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுழலும் இறக்கைகள் காற்றை அணைத்துக்கொண்டு கோபுரத்தின் ஆட்டத்தை அடக்குகின்றன. பழுதென்று நிறுத்திவைத்த நாட்களில் அந்த அடக்கம் போய்விடுகிறது. அலை அடிக்கும் அடிக்குக் கோபுரம் கூடுதலாக ஆடுகிறது. ஒற்றைத் தூணின் களைப்புக் கணக்கில் ஓய்வு நாட்கள்தான் மோசமான நாட்கள்.

கடலடி மண் இருந்த இடத்தில் இருப்பதும் இல்லை. அலை பின்வாங்கும்போது நம் குதிகாலுக்கடியில் மணல் கரைவதைக் கால் உணரும். தூணைச் சுற்றியும் அதேதான். விதிநூல் எடுத்துக்கொள்ளும் பள்ளம் தூண் விட்டத்தின் 1.3 மடங்கு; ஆறு மீட்டர்த் தூணுக்கு எட்டு மீட்டர் பள்ளம். தூணின் பிடி குறைகிறது, தாளம் இறங்குகிறது. தடுக்கக் கற்களைக் கொட்டினார்கள். கொட்டிய கற்களின்மேல், பாதுகாப்பு உறையோடு கிடந்த மின்கம்பிகள் நீரோட்டத்தில் அசைந்து அசைந்து உராய்ந்தன. 2021 ஏப்ரலில் ஓர்ஸ்டெட், தன் பண்ணைகளில் பத்து வரை இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம், செலவு 300 கோடி டேனிஷ் குரோனர் வரை போகலாம் என்று அறிவித்தது. மறுபடி அதே கதை, அசைவும் தேய்வும். மறுபடி ஒரு பொதுப் பிழை. ஒரே தீர்வைப் பல பண்ணைகளில் போட்டால் அதன் கோளாறும் பல பண்ணைகளில்தான் வரும்.

இந்த நீண்ட வட கடல் புராணம் தமிழ் வாசகருக்கு எதற்கு என்றால், அடுத்த கடன் நம் கணக்கில் எழுதப்பட இருக்கிறது. இந்திய அரசின் கடல் காற்றாலைக் கொள்கை 2015இல் வந்தது. இடங்களாகக் குறிக்கப்பட்டவை இரண்டு: குஜராத்தின் காம்பத் வளைகுடாப் பக்கம், தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாப் பக்கம். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இதற்கு மைய அமைப்பு. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை, இரண்டு மாநிலங்களுக்கும் தலா 500 மெகாவாட்டுக்கு, 7453 கோடி ரூபாய் நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எவ்வளவு என்று நமக்குத் தெரியும். கடலுக்கு மேலும் அது வீசும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கேள்வி காற்றைப் பற்றியது அல்ல, கீழே உள்ள மண்ணைப் பற்றியது.

மன்னார் வளைகுடா சங்கு விளைந்த கடல், முத்துச்சிப்பி விளைந்த கடல். மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகள் நிறைந்தது. 21 தீவுகளைச் சுற்றிப் பவளம். இப்படிப்பட்ட கடலில் மணல் என்பது மலையிலிருந்து ஆறு அடித்துவந்த கல்துகள் மட்டும் அல்ல. உடைந்த சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்க் கூடும் கலந்த சுண்ணாம்பு மணலாக இருக்கும் இடங்கள் உண்டு. அந்த மணல் ஆய்வுக்கூடத்தில் ஏமாற்றும். துகள்கள் கோணல்மாணலாக இருப்பதால் ஒன்றோடொன்று கொக்கிபோட்டு, உராய்வுக் கோணம் சாதாரண மணலைவிட அதிகமாகவே காட்டும். சூத்திரத்தில் போட்டால் தூண் உறுதியாக நிற்கும் என்று விடை வரும்.

1982இல் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் நார்த் ரேங்கின் எரிவாயு மேடைக்குத் தூண் அடித்தபோது நடந்தது இது. மேலே இறுகியிருந்த மெல்லிய அடுக்கைத் துளைத்தவுடன், தூண் தன் எடையிலேயே சுமார் 60 மீட்டர் கீழே ஓடிப்போனது. அடிக்க வேண்டிய தூண், விழுந்தது. சிப்பித் துகள்கள் உள்ளீடற்றவை. தூணின் சுவர் உரசி இறங்கும்போது நொறுங்கிப் பொடியாகிச் சுருங்குகின்றன. தூணை இறுக்கிப் பிடிக்க வேண்டிய மண் ஒதுங்கிக்கொள்கிறது. உராய்வுக் கோணம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அழுத்தமே இல்லாத இடத்தில் உராய்வு எங்கே? ஆச்சரியம் என்னவென்றால், இந்த நொறுங்கலைப் பற்றி டெல்லி ஐ.ஐ.டி.யின் மனோஜ் தத்தா, குல்ஹாட்டி, ஜி.வி. ராவ் மூவரும், நம் மேற்குக் கடற்பரப்பின் மணலைச் சோதித்து, 1979இலேயே ஹூஸ்டன் மாநாட்டில் எழுதியிருந்தார்கள்.

சுமையின் பக்கமும் கடன் சிக்கல் உண்டு. வட கடலில் ஒவ்வொரு குளிர்காலமும் புயல். ஐம்பது ஆண்டுக் காற்றை மதிப்பிட வேண்டிய அளவு தரவு சேர்ந்துவிடுகிறது. நம் தென்கோடியில் பல ஆண்டுகள் ஒன்றும் இல்லாமல் போய், ஒரு 1964 தனுஷ்கோடி வரும், ஒரு 2017 ஒக்கி வரும். சராசரி சாது, தாறுமாறு அதிகம். ரயில் உதாரணத்தில் சொன்னதுபோல, தாறுமாறு கூடினால் அதே 1.35 பெருக்கல் அதே பீட்டாவைத் தராது. 2019 விதிநூல் வெப்பமண்டலப் புயல்களுக்கென்று வினாடிக்கு 57 மீட்டர் காற்று வேகத்தில் ஒரு தனி வகுப்பைச் சேர்த்திருப்பது இதை ஒருவாறு ஒப்புக்கொள்வதுதான்.

தூண் அடிக்க முடியாத பாறை வந்தால் துளையிட்டு நடலாம். பிரான்சின் சென் நசேர் பண்ணையில் பாறையைக் குடைந்துதான் 80 காற்றாலைகளை நிறுத்தினார்கள். நாலு கால் சட்டகம் வைக்கலாம், கவிழ்த்த வாளியை நீரை உறிஞ்சியெடுத்து மண்ணில் இறக்கும் முறையும் இருக்கிறது. வழிகளுக்குக் குறைவில்லை. எந்த வழிக்கு எந்த எண் என்பதுதான் உள்ளூரில் கிடைக்க வேண்டிய விடை. துளையிட்டு மேலே வரும் மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் போதும், சுண்ணாம்பு இருந்தால் நுரைத்துவிடும், பள்ளிக்கூடச் சோதனை. நுரைத்தால், டன்கிர்க்கில் செய்ததை இங்கேயும் செய்ய வேண்டும்: மூன்று விட்டங்களில் தூண்கள் அடித்து, தள்ளி, அளந்து பார்க்க வேண்டும். டன்கிர்க்கில் அதற்காகக் கடலுக்குள் போகவில்லை, ஒத்த மண் கரையிலேயே கிடைத்தது, கரையிலேயே செய்தார்கள். இராமேசுவரத்திலிருந்து கன்னியாகுமரிவரை நமக்குக் கரைக்கா பஞ்சம்?